அம்மாவின் அக்கா

பெட்டிக்குள் அம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஜெபராணி குனிந்து, துண்டை மடித்துக் கழுத்துக்கு அடியில் செருகி நேராக்கினாள். கையுறை மாட்டிய அம்மாவின் விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் வெகுகாலம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா, டெபோரா சிஸ்டர், விடியும் முன்னே தூக்கத்திலேயே போய்விட்டாள். சாயங்காலம் அடக்கம். வண்ணார்பேட்டை வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. சபைப் பெண்கள் பாமாலையைப் புரட்டி அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்த ஷரீபா பீவி, அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜெபராணியின் தோளைத் தொட்டாள்.

“மூணாவது புள்ளையும் வயித்துலயே போயிட்டும்மா எனக்கு. சோறு தண்ணி இல்லாம சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடந்தேன். உங்கம்மாதான் மொவத்தைத் திருப்பி, ‘ஏட்டி, உனக்கு எங்க அக்கா கண்ணு’ன்னு சொன்னாஹ. ‘அவ எதுக்கும் பயந்தவ கிடையாது. ஆத்துல வெள்ளம் வந்தன்னிக்கு ஊரே கரையில நின்னு பாத்துச்சு. அவ ஒருத்திதான் குதிச்சு ஒரு புள்ளையத் தூக்கிட்டு வந்தா’ன்னாஹ. அன்னிக்குத்தான் எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சேன்.”

ஜெபராணி நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரு கண்ணுன்னு சொன்னாங்க?”

“அவுஹ அக்கா கண்ணு.” ஷரீபா பீவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நான் மறப்பேனா அதை?”

அது ஜெபராணிக்குச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் வயதில், தலை பின்னிவிட்டுக்கொண்டே அம்மா அவளுக்குச் சொன்னது. அதே வெள்ளம், அதே பிள்ளை. “அந்தக் கண்ணு உனக்குத்தான் வந்திருக்கு” என்று சொல்லி, சடையை இழுத்து முடிந்துவிட்டாள். காய்ச்சலில் சின்ன வயதிலேயே போய்ச்சேர்ந்த பெரியம்மா அவள் என்றாள். “மாமாகிட்ட மட்டும் அவளப் பத்திக் கேட்டுராத. கூடவே வளந்தவன். தாங்கமாட்டான்” என்றும் சொல்லியிருந்தாள்.

ஜெபராணி கேட்டதில்லை. ஆனால் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் பெரியம்மாவைப் பார்த்தாள். கட்டிக்கொடுத்த வீட்டில் புருஷன் பெல்ட்டைக் கழற்றிய ஒரு மத்தியானம், டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு தெரு பார்க்க நடந்து போய் பஸ் ஏறினாள். பஸ் ஜன்னலில் மங்கலாகத் தெரிந்த கண்களைப் பார்த்துக்கொண்டேதான் ஊர் வந்து சேர்ந்தாள். அதற்கப்புறம் டீச்சர் டிரெய்னிங் படித்ததும், வேலைக்குப் போனதும், கோர்ட்டில் ஏறி நின்று வாய் நடுங்காமல் பதில் சொன்னதும் எல்லாம் அந்தக் கண்களை நம்பித்தான்.

அம்மாவின் விரல்களை மெதுவாக விட்டாள். எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

மாமா கிருபைராஜ் தொட்டித் தண்ணீரை மொண்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தம்பி. சாத்தான்குளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“மாமா, அம்மாவோட அக்கா எப்ப செத்தாங்க?”

“யாரு?”

“அம்மாவுக்கு மூத்தவங்க. ஆத்து வெள்ளத்துல குதிச்சு ஒரு பிள்ளையக் காப்பாத்துனவங்க.”

மாமா துண்டை முகத்திலிருந்து எடுத்தார். “என்னட்டி சொல்லுத? எங்க வீட்டுல மூத்தவளே உங்கம்மாதான். அவளுக்குப் பொறவு நான். வேற யாரு இருக்கா?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வெள்ளமா? சாத்தான்குளத்துல ஏதுட்டி ஆறு?”

அம்மா பிறந்த ஊர். வருஷா வருஷம் பரீட்சை லீவுக்குப் போன ஊர்தான். பனையும் செம்மண்ணும்தான் அங்கே. குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு நடக்கவேண்டும். அந்த ஊரில் ஆறு இல்லை என்று இத்தனை காலத்தில் ஒருநாள்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“மனசப் போட்டுக் குழப்பாத. போயி அம்மாகிட்ட இரு” என்றார் மாமா.

அவள் அம்மாவிடம் போகவில்லை. பந்தலின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அழுகை நின்றுபோயிருந்தது. ஒருத்தி வந்து, “இங்கன ஏன் உக்காந்திருக்க? கடைசி நேரம், பக்கத்துல இரும்மா” என்றாள். ஜெபராணி அசையவில்லை.

சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ் பிடித்து ஓர் அம்மாள் வந்தாள். உலகம்மாள் என்று பெயர் சொன்னாள். வயல் வேலை செய்கிறவள். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போகத் தயங்கி, ஜெபராணியின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“கதிரடிக்கிற மிஷின்ல கை மாட்டி வந்தப்ப சிஸ்டரம்மாதான் கட்டுப் போட்டாவ. இனிமே நான் எதுக்கு ஆவேன்னு அழுதேன். ‘உனக்கு எங்க அக்கா கண்ணு’ன்னாவ.”

மீதிக் கதையும் வந்தது.

“போன வருச வெள்ளத்துல எங்க தெரு முழுக்கத் தண்ணி. பக்கத்து வீட்டுச் சின்னப்புள்ள வேலியப் பிடிச்சுக்கிட்டுக் கத்துது. ஆம்பளைக எல்லாரும் நிக்காவ. எனக்கு அந்த அக்கா ஞாவகம் வந்துட்டு. எறங்கிட்டேன். இந்தக் கைய வச்சுக்கிட்டு எப்படித் தூக்குனேன்னு இன்னும் எனக்கே வெளங்கல. சிஸ்டரம்மாட்ட வந்து சொல்லணும்னே இருந்தேன். சொல்லாமப் போயிட்டேனே.”

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அந்த அக்கா போட்டோ இருக்காம்மா? ஒரு தடவ பாத்துட்டுப் போதேன்.”

அப்படி யாருமே கிடையாது. அந்த வார்த்தை ஜெபராணியின் வாயில் தயாராக இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றும் இருந்தது. தனக்கு வலிக்கிற வலி இன்னொருத்திக்கும் வலிக்கட்டும் என்று இருந்தது. உலகம்மாளின் முகத்தைப் பார்த்தாள். இடுங்கிய, பழுப்பேறிய சின்னக் கண்கள். தன் கண்களுக்கும் அவற்றுக்கும் ஒரு சாயலும் இல்லை.

“இருந்துச்சு. எங்க வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்துச்சுல்லா, அதுல போயிட்டு.”

“அய்யோ.” உலகம்மாள் முகத்தைத் துடைத்தாள். “நெசமாவே என் கண்ணு மாதிரிதான் இருக்குமா?”

“அப்படியே இருக்கும்.”

யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அது அவ்வளவு சுலபமாக வந்ததுதான் ஜெபராணிக்குத் தாங்கவில்லை. அம்மாவுக்கும் இப்படித்தான் வந்திருக்கும், சடை பின்னிக்கொண்டிருந்த அன்றைக்கும்.

உலகம்மாள் எழுந்தாள். இப்போது தயங்கவில்லை. நேராகப் பெட்டியின் தலைமாட்டுக்குப் போய், காலியாகக் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவின் நெற்றியில் அந்தக் கையை வைத்தாள். ‘மகள் உட்காரும் இடம்’ என்று சொல்ல யாரோ வாயெடுத்தார்கள். ஜெபராணி கையை அசைத்து வேண்டாம் என்றாள்.

சபைக் கோவிலிலிருந்து போதகர் ஐயர் வந்துவிட்டார். அங்கியைச் சரிசெய்துகொண்டு, “ஜெபிப்போம்” என்றார். பாட்டு நின்றது. பந்தலில் எல்லாரும் எழுந்து தலையைக் குனிந்து கண்ணை மூடினார்கள். ஜெபராணி மூடவில்லை. பெட்டியின் மூடியைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தபடி, ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு நின்றிருந்த ஆசாரி அவளைப் பார்த்தார். பிறகு அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.