சிக்னல் முழுசா இருந்தது

அண்ணன் செல்போன் கம்பெனியில் நெட்வொர்க் இன்ஜினியர். தங்கை அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் நர்ஸ். அந்த மருத்துவமனைக்குப் புதிய தலைமுறை நெட்வொர்க் போடும் வேலை அண்ணனிடம் வந்தபோது இருவருக்குமே சந்தோஷம். ஆளுக்கொரு வீடு என்றான பிறகு மதியச் சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிட இப்போதுதான் வாய்த்தது.

மொட்டைமாடியில் ஆன்டெனாக்கள், கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஓர் இயந்திரக் கை. தலைநகரத்தில் இருக்கும் ஸ்கேன் நிபுணர் அங்கே கையை அசைத்தால், இங்கே கர்ப்பிணியின் வயிற்றின் மேல் அது அசையும்.

"இவ்வளவு கொட்டுறாங்களே அண்ணா, அதுக்கு இங்க ரெண்டு டாக்டரப் போட்டா ஆகாதா?" என்று தங்கை சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு டாக்டர் இந்த ஒரு ஆஸ்பத்திரியத்தான் பாப்பாங்க. இது ரோடு போடற மாதிரிம்மா. ரோடு வந்துட்டா வண்டி தானா வரும்."

அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, மனதார நம்பினான்.

திறப்பு விழாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்த ஒரு கர்ப்பிணியைப் படுக்க வைத்தார்கள். அவளுக்குத் தலைப்பிள்ளை. இயந்திரக் கை மெல்ல நகர்ந்தது. "குழந்தை கொட்டாவி விடுது பாருங்க," என்றார் நிபுணர் திரையிலிருந்து. கம்பெனி முதலாளி வரை எல்லோரும் சிரித்தார்கள். சலவைக்காரி வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதமே மருத்துவமனையின் சொந்த ஸ்கேன் டாக்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அதுதான் தொலைதூர வசதி வந்துவிட்டதே என்றார்கள். பழைய ஸ்கேன் இயந்திரமும் அவரோடு போனது. தங்கை பொருமினாள். "புது ஏற்பாடு, கொஞ்சம் பொறுத்துக்கோ," என்றான் அண்ணன்.

ஸ்கேன் டாக்டர் போன மூன்றாம் நாள் காலை, சலவைக்காரி வேலையைப் பாதியில் விட்டு வார்டுக்கு வந்தாள். "சிஸ்டர், நேத்துலேர்ந்து உள்ள அசைவே தெரியல."

தங்கை வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத்தைக் கேட்டாள். துடிப்பு இருந்தது, ஆனால் தேய்ந்து தேய்ந்து கேட்டது. டூட்டி டாக்டர் சின்ன வயது. ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்கப் பயந்தார். தங்கை அண்ணனுக்குப் போன் செய்தாள். மாடியில் இருந்தவன் படிகளில் தாவி இறங்கி வந்து கண்ணாடி அறையைத் திறந்தான்.

விளக்குகள் எல்லாம் பச்சை. சிக்னல் முழுசாக இருந்தது. திரையில் தலைநகரத்து அறை தெரிந்தது. அங்கே ஒரு காலி நாற்காலி, அதன் முதுகில் ஒரு துண்டு. அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

"டாக்டர் இங்க கிடையாதே சார். விழாவுக்கு மட்டும்தான் வந்தாங்க. அவங்களுக்குச் சம்பளமாத் தர வேண்டிய பணமும் நெட்வொர்க்குக்கே போயிடுச்சுன்னு சொன்னாங்க."

குரல் பக்கத்தில் நின்று பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது. பின்னால் ஓடிய மின்விசிறி கூடத் திரையில் துளியும் தடுமாறவில்லை. அந்த நேரத்திலும் அதைக் கவனித்த தன் கண்களை அண்ணன் வெறுத்தான்.

ஆம்புலன்சில் பெரிய ஊருக்குக் கொண்டு போனார்கள். தங்கையும் கூடப் போனாள். தாய் பிழைத்தாள். பிள்ளை இல்லை.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய சலவைக்காரி, நடைவழியில் அண்ணனை நிறுத்தினாள். "சார், அன்னிக்குக் கொட்டாவி விட்டுச்சுல்ல, அது படம் இருக்குமா? எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

கேட்டுப் பார்த்தான். பதிவு கம்பெனியின் சொத்து, வெளியே தர முடியாது என்றார்கள். கிடைத்தது விளம்பரப் படம் மட்டும்தான். தன் போனிலேயே அதைக் காட்டினான். குழந்தை வாய் திறக்கும் இடத்தில் 'எதிர்காலம் வந்துவிட்டது' என்று பெரிதாக எழுத்து ஓடியது. அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"இந்த எழுத்த எடுத்துட்டுத் தர முடியுமா சார்?"



போட்ட முதலுக்குப் பலன் உண்டா என்று பார்க்கும் கூட்டத்தில் அண்ணன் எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். முதலாளி குறுக்கிடாமல் கேட்டார்.

"பாவம்தான். ஆனா அது ஆஸ்பத்திரிக்காரங்க பிரச்சின. நம்ம லைன் அறுந்துச்சா?"

"இல்ல சார்."

"படம் நின்னுச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

பலன் உண்டு என்று முடிவானது.

அன்று மதியம் தங்கையிடம் அதைச் சொன்னான். அவள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள். "நீ இவ்வளவு பேசினதுக்கு என்னதான் சொன்னாங்க?"

"இன்னும் நாலு ஆஸ்பத்திரிக்குப் போடச் சொல்லிட்டாங்க."

"யாரு போடறது?"

"நான்தான்."

"முடியாதுன்னு சொல்லலியா?"

"நான் இல்லன்னா வேற ஒருத்தன் போடுவான்மா."

தங்கை அவனை ஒருமுறை பார்த்தாள். பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிவிட்டு, கை கழுவப் போனாள்.