இருபத்திநாலு தூண் வீடு

மேல ராஜ வீதியில் கண்ணுசாமியின் வீடு விலைக்கு வந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. பார்க்க ஆள் வராமல் இல்லை. வண்டி கட்டிக்கொண்டு, கட்டுச்சோறோடு, பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள். தலைவாசல் நிலையில் செதுக்கியிருந்த கஜலட்சுமியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரில் கன்னத்தை வைத்துக் குளிர்ச்சி பார்த்தார்கள். பிறகு முற்றத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு, "யோசிச்சுச் சொல்றோமுங்க" என்று போய்விட்டார்கள். யோசிக்கிறார்களாம், யோசனை! அவர்கள் தின்ற எச்சில் இலையைப் பொறுக்கிப் போட்டதுதான் கண்ணுசாமி கண்ட லாபம்.

அவருடைய அப்பா தேக்கு வியாபாரி. ரங்கூனிலிருந்து கப்பலில் மரம் வந்த காலத்தில், நல்ல மரமாகப் பார்த்து ஒதுக்கி, இருபத்திநாலு தூண் நிறுத்திக் கட்டிய வீடு அது. பர்மாவை ஜப்பான்காரன் பிடித்ததும் மரம் வருவது நின்றது, கண்ணுசாமியின் மரக்கடையும் படுத்துவிட்டது. புதுக்கோட்டையில் பல பேருக்கு அதே கதி. எந்த வீதியில் திரும்பினாலும் பெரிய பெரிய வீடுகள் விலைக்கு நின்றன, வாங்கத்தான் நாதியில்லை.

விற்காமலும் முடியாது. ஒரே மகள் பிரகதாம்பாள், தாயில்லாப் பெண். கல்யாண வயது கடந்துகொண்டிருந்தது. வீட்டை விற்றால்தான் நகை நட்டுப் போட்டு அவளை அனுப்ப முடியும். ஆனால் பெண் கேட்டு வந்தவர்களோ வீட்டைப் பார்த்து மயங்கி வந்தவர்கள். வீடு விலைக்கு இருக்கிறது என்று காதில் விழுந்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். விற்காவிட்டால் கல்யாணம் இல்லை. விற்கிறேன் என்றால் சம்பந்தம் இல்லை. "அரண்மனையாட்டம் வீடு, ஒங்களுக்கென்ன கொறை" என்று தெருவில் யாராவது சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆவணியில் ஒரு காலை, தரகர் ஆத்மநாதன் அன்னவாசல் அரிசி மில்காரர் சிவசாமியை அழைத்து வந்தார். யுத்த காலத்திலும் கையில் காசு புழங்குகிற ஆள். கண்ணுசாமி வழக்கமான பாட்டை ஆரம்பித்தார்: "தூண் மொத்தம் இருபத்திநாலு. அத்தனையும் பர்மாத் தேக்கு. ஒரு கரையான் அண்டினதில்ல. மழைத்தண்ணி முத்தத்துல விழுந்து அப்படியே அங்கிட்டுப் போயிரும்."

சிவசாமி ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றை மோந்துகூடப் பார்த்தார். பிரகதாம்பாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். செம்பை எடுத்துக் குடித்தாரே தவிர, அவர் கண் உத்தரத்தைவிட்டு இறங்கவில்லை.

"வீடு எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. "ஆனா எதுக்கு வெலை கொடுத்து வாங்கணும்? எம் மகன் ஒருத்தன் இருக்கான். ஒங்க பொண்ண அவனுக்குக் கொடுங்க, வீட்டைச் சீராக் கொடுத்துருங்க. நகையே வேணாம். நீங்களும் ஒரு மூலையில இருந்துக்கலாம்."

கண்ணுசாமிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருஷ முடிச்சு ஒரே பேச்சில் அவிழ்ந்துவிட்டதே! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் மகளிடம் சொன்னார்.

"மாப்பிள்ளை பேரு என்னப்பா?"

"கேக்கலையே."

"எம் பேரை அவங்க கேட்டாங்களா?"

"அதெல்லாம் பிறகு கேப்பாங்கம்மா."

"தூண் எத்தனைன்னு கேட்டிருப்பாங்களே?"

"கேக்கவே வேணாம், நானே சொல்லிட்டேன்."

"ஆமாப்பா. வந்தவங்க எல்லார்கிட்டயும் அதைத்தான் நீங்க மொதல்ல சொல்றீங்க. எம் பேரை ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

கண்ணுசாமி இரண்டு வருஷத்தை ஒரு முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். சொன்னதில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. கைக்கு வந்த சம்பந்தத்தின் நடுவில் இப்படி ஒரு கேள்வியா!

திரும்பி வந்து சிவசாமி எதிரில் நின்றார். "எம் மக பேரு பிரகதாம்பாள்" என்றார்.

"ரொம்ப சந்தோசம். இந்தத் தூணுல நாலைப் பேத்தெடுத்தா மில்லு கொட்டகைக்கு ஆகுமேன்னு பாத்துக்கிட்டிருக்கேன். சாவி எப்பத் தருவீங்க?"

ஆணியில் தொங்கிய நீளச் சாவியைக் கண்ணுசாமி எடுத்தார். சிவசாமி கையை நீட்டினார். கண்ணுசாமி அதைத் தம் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வீடு விலைக்கு இருக்கு. வேணும்னா வெலையைக் கொடுத்து வாங்குங்க. எம் பொண்ணு அதோட சேத்தி இல்ல."

சிவசாமி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ஆத்மநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "வந்த ஆளை வெரட்டிட்டீங்களே! இனிமே எவன் வருவான்?"

"எவனும் வர வேணாம்!" என்று கத்தினார் கண்ணுசாமி. யாராவது வந்தே ஆகவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஆத்திரத்தில் பக்கத்துத் தூணை ஓங்கி ஓர் உதை விட்டார். பர்மாத் தேக்கு அசையவில்லை, கட்டைவிரல்தான் புடைத்துக்கொண்டது.

"பிரகதா!" என்று அலறிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்தா வாரேன்ப்பா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. உதைச் சத்தம் கேட்டதுமே, காலுக்குப் பற்றுப் போட அவள் மஞ்சளை உரச ஆரம்பித்திருந்தாள்.