எல்லாருக்கும் பி பாசிட்டிவ்

கரும்பலகையில் ‘ஸ்டாடிக்’ என்று எழுதிவிட்டு, தையல்நாயகி மேடம் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைக் காட்டினார். “டிபன் பாக்ஸ் ஆளுக்கு ஒண்ணு. உன் டப்பால இட்லி வெச்சா பக்கத்துல இருக்கிறவ டப்பாலயும் இட்லி வந்துடாது. அதான் ஆப்ஜெக்ட். ஃபேன் அப்படி இல்ல, கிளாஸுக்கே ஒண்ணு. ஒருத்தர் எழுந்து போய்க் குறைச்சா எல்லாருக்கும் குறையும். அதான் ஸ்டாடிக்.” ஃபேன் ஏற்கெனவே செத்துப்போய்ச் சுற்றிக்கொண்டிருந்ததால் வகுப்பே சிரித்தது. அமலாவுக்கு மட்டும், தான் எழுதிக் கொடுத்த ஒரு வரி ஞாபகம் வந்தது.

திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் தேவசகாயம் அண்ணன், போன ஞாயிறு கூட்டேரிப்பட்டில் இலவச முகாம் நடத்தினார். அதற்கு ஜாவாவில் புரோகிராம் எழுதிக் கொடுத்தவள் அமலா. பெயரையும் ரத்த வகையையும் ஏற்றினால் அட்டை அட்டையாக அச்சாகும். ஆளுக்கு ஓர் ஆப்ஜெக்ட், பெயரெல்லாம் ஒழுங்காக நின்றது. ரத்த வகைக்கான குரூப் எழுதிய வரியில்தான் சிவப்புக் கோடு விழுந்தது. ஸ்டாடிக் இல்லாததை இங்கிருந்து தொட முடியாது என்று ஏதோ ஒரு பிழை. என்ன ஏது என்று யோசிக்காமல் குரூப்புக்கு முன்னால் ஸ்டாடிக் என்று சேர்த்தாள். கோடு மறைந்தது. கோடு மறைந்தால் எல்லாம் சரி என்று நினைக்கிற வயசு. தன் பெயரை மட்டும் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெருமையாகக் கொடுத்துவிட்டாள்.

ஒரே ஆள் என்றால் சரியாகத்தான் வரும். முகாமில் எல்லாரையும் ஏற்றி முடித்த பிறகு மொத்தமாக அச்சடித்தார்கள். குரூப்புக்கு இருந்ததோ ஊருக்கே ஒரே இடம். கடைசியாக ஏற்றியது எதுவோ அதுதான் அத்தனை அட்டையிலும் விழுந்திருக்கும். பெயரைப் பார்த்துக் கொடுத்த அவசரத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அச்சடிக்கும் முன்னால், சாமான்களைக் கட்டும் நேரத்தில் “நீயும் குடுத்துட்டுப் போம்மா” என்று தேவசகாயம் சொல்ல, சிரித்துக்கொண்டே கடைசி ஆளாக விரலை நீட்டியது அமலாதான். பி பாசிட்டிவ்.

தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து விழுப்புரத்தில் பஸ் ஏறினாள். தேவசகாயம் போனை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எப்படியும் இன்னொரு தடவை பார்ப்பார்கள், பார்க்காமல் ரத்தம் ஏற்ற மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். அவசரத்தில், அட்டைதான் இருக்கிறதே என்று யாராவது நினைத்துவிட்டால்? போலீஸ், கல்லூரி, அப்பா முகம் எல்லாம் வந்து போயின. அவற்றைவிட, முகமே தெரியாத யாரோ ஒருவர் கட்டிலில் கிடப்பதுதான் அவள் கண்முன்னாலேயே நின்றது. கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கூட்டேரிப்பட்டில் இறங்கியதும் முதலில் தெரிந்தது ராஜாமணியின் டீக்கடை. முகாமுக்கு டீ கொடுத்தவர் அவர்தான்.

“வாம்மா கம்ப்யூட்டரு! டீ போடவா?”

“அண்ணா, கார்டெல்லாம் தப்புண்ணா. உங்களுது, எல்லாருதும். என்னோட குரூப்புதான் எல்லாத்துலயும் பதிஞ்சிக்கினு இருக்குது. நான்தான் தப்பு பண்ணிட்டேன்.”

ராஜாமணி டீ ஆற்றுவதை நிறுத்தினார். சிரிப்பு மெல்லப் போய்விட்டது. “எம் பொண்ணு புனிதாவ காலைலதான் பிரசவத்துக்கு இட்டுக்கினு போனாங்க. முகாம்ல குடுத்த கார்டு இருக்குதேன்னு நான்தாம்மா தேடி எடுத்துக் குடுத்தேன்.”

மருமகன் பூவரசனுக்குப் போன் போட்டார். விரல் இரண்டு முறை தப்பாக அழுத்தியது. அந்தப் பக்கம் எடுத்ததும் அமலா போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

“அண்ணா, அந்தக் கார்ட யார்கிட்டயும் குடுக்காதீங்க. அது அக்கா குரூப்பு இல்ல. புதுசா ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க!”

“யாரும்மா நீ? ஆபரேசன்னு சொல்லிட்டாங்க, ரத்தம் வேணுமாம். கார்ட நர்ஸம்மா இப்பதான் வாங்கிக்கினு உள்ள போனாங்க.”

“ஓடுங்கண்ணா! ஜல்தி ஓடுங்க!”

ராஜாமணி போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். இணைப்பு அறுபடவில்லை. செருப்புச் சத்தம் ஓடியது, யாரையோ கூப்பிடும் குரல் தூரமாகிக்கொண்டே போனது. எதிரே நின்ற அமலாவுக்குத் தெரிந்தது போனின் முதுகு மட்டும்தான். கண்ணாடி போன்ற உறைக்குள் செருகிய அட்டையில் ராஜாமணி என்று அவர் பெயர் இருந்தது, அதற்குக் கீழே அவளுடைய ரத்தம்.