ஒரு துவக்கும் ஒன்பது தலையணையும்

அல்பேட்டுக்கு ஒரு துவக்கு வேண்டியிருந்தது. யாரையும் சுடுவதற்கு அல்ல. கோழி உரிக்கும்போதே மறுபக்கம் திரும்பி நிற்கிற மனிதர் அவர். லிபெர்த்தா என்கிற பணக்காரப் பகுதியில் இருபத்திரண்டு வருடமாக இத்தாலிய எஜமானிகளான சிஞ்ஞோராமாரின் வீட்டுத் தரையைத் துடைத்து, அவர்களின் நாயை நடத்திக்கொண்டு போய், பின்படியால் ஏறி இறங்கியவருக்கு ஒரு வங்கியின் முன்வாசலில் சீருடையோடு நிற்கும் வேலை வந்திருந்தது. இத்தாலியக் குடியுரிமை கிடைத்த கையோடு விண்ணப்பித்த வேலை. காவல் கொம்பனி ஒரேயொரு நிபந்தனை போட்டது: ஆனி முப்பதுக்குள் லைசென்சும் சொந்தப் பிஸ்டலும் கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

பிஸ்டலை அவர் மாசியிலேயே தெரிவுசெய்துவிட்டார். கடைக்காரர் அதில் அல்பேட்டின் பெயரை ஒட்டி உள்ளே வைத்திருந்தார். லைசென்ஸ் வந்தால்தான் தருவார். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் விசாரணை முடிந்தால்தான் லைசென்ஸ் வரும். சனிக்கிழமைகளில் அல்பேட் கடைக்குப் போய், ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டு வருவார்.

விசாரணைக்காரர் அயலட்டையிலும் கேட்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கபோவில் அவர் குடியிருந்த கட்டடத்தின் படிக்கட்டு முழுக்க மீன் பற்றிஸ் வாசம். மனைவி மாக்கிரட் பொரித்துக் கொடுக்க, அல்பேட் கதவு கதவாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். கீழ்வீட்டுக் கிழவனாருக்குக் கொலஸ்ட்ரோல் ஏறியதே தவிர விசாரணை அசையவில்லை. பங்குனி போய், சித்திரை போய், வைகாசியும் போனது.

ஆனி முதல் கிழமை பொறுமையிழந்து குவெஸ்தூராவுக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள். துவக்கு வைக்கப்போகும் வீட்டில் பதிந்திருக்கும் பெரியவர்கள் எல்லாரையும் விசாரிக்கவேண்டும் என்றாள். உங்கள் வீட்டில் பதினொரு பேர், அதுவும் இரண்டே அறையில், எப்படி என்று மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

பொய்தான். ஆனால் பொய் என்று யாரும் நினைத்துச் செய்த பொய் அல்ல. நம்மடை ஆட்களுக்குள் விலாசம் கொடுப்பது, தாகம் என்று வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பது மாதிரி. வாடகை ஒப்பந்தம் ஒழுங்காக உள்ளவர் இல்லாதவரைத் தன் வீட்டில் பதிந்துவிடுவார். விலாசம் இல்லாமல் பெர்மெசோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாதே. வந்த புதிதில் அல்பேட்டையும் ஒரு மன்னார்க்காரர் இப்படித்தான் பதிந்தார். பிறகு அல்பேட் றமேசைப் பதிந்தார், றமேசின் மச்சானைப் பதிந்தார், கொட்வினை, அமலினியை, பாவம் என்று வந்தவரையெல்லாம் பதிந்தார், பதிந்ததை மறந்தும் போனார். இப்போது அவர்கள் ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள். காகிதத்தில் மட்டும் ஒன்பது பேரும் அல்பேட் வீட்டில் படுத்தெழும்பினார்கள்.

ஒன்பது பேரும் இங்கே இல்லை என்று கையெழுத்து வைத்தால் பத்து நாளில் அலுவல் முடியும் என்று அந்தப் பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். வியாழன் பின்னேரம் ஓர் அதிகாரி வீட்டைப் பார்க்க வருவார், அவரிடம் கொடுங்கள் என்றாள். உள்ளதைச் சொன்னால், அல்பேட் கையெழுத்து வைக்கத்தான் நினைத்தார். திடீரென்று பதிவை வெட்டிவிட்டார் என்று பெயர் வரக்கூடாதே என்று, ஞாயிறு பூசை முடிந்ததும் றமேசைத் தனியே கூப்பிட்டு நிலைமையைச் சொன்னார். அதிகாரி வருகிறார் என்பதும் அண்ணைக்கு இக்கட்டு என்பதும் றமேசின் காதில் ஏறியது. படிவம் ஏறவில்லை.

வியாழன் பின்னேரம் வீட்டுவேலைக்காரருக்கெல்லாம் அரைநாள் லீவு. மூன்று மணிக்கு றமேஸ் ஒரு தலையணையோடு வந்து நின்றான். பின்னால் அமலினி, தலையணையும் பற்பிரஷ்ஷுமாக. மூன்றரைக்குள் ஒன்பது பேரும் ஒன்பது தலையணையும் உள்ளே. கொட்வின் கத்தானியாவிலிருந்து வீட்டுச் செருப்போடு பஸ் ஏறி வந்திருந்தான். அப்போதுதான் வீட்டு ஆள் மாதிரித் தெரியுமாம். அல்பேட்டுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அதிகாரி வந்தார். யார் எங்கே படுப்பது என்று கேட்டார். நாலு பேர் ஒரே சோபாவைக் காட்டினார்கள். றமேஸ் பதற்றத்தில் பிரிட்ஜைக் காட்டி, பிறகு அதற்குப் பக்கத்தில் என்று திருத்திக்கொண்டான். அதிகாரி மூன்று பற்றிஸ் சாப்பிட்டாரே ஒழிய மடையர் அல்ல. அல்பேட்டைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய், இவர்கள் இங்கே இல்லை என்று ஒரு சொல் சொல்லுங்கள், இப்போதே நீக்கிவிடுகிறேன் என்றார். இருக்கிறார்கள் என்றால் ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக விசாரிக்கக் கார்த்திகை ஆகும், அதுவரை எந்த நேரமும் வந்து கதவைத் தட்டுவேன் என்றார்.

அல்பேட் உள்ளே பார்த்தார். அமலினி தலையணையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள்; அவளுடைய பெர்மெசோ அடுத்த மாதம் முடிகிறது. அந்த வங்கி வாசலும் அவர் கண்முன் வந்தது. முன்படியால் ஒருநாளாவது ஏறவேண்டும் என்று எத்தனை வருட ஆசை. படிவத்தைச் சட்டைப் பைக்குள்ளேயே கசக்கினார்.

"எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள்," என்றார் இத்தாலியனில்.

அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார். எந்த நேரமும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். ஆகவே அன்றிலிருந்து அந்தப் பொய்யை உண்மையாக்கவேண்டியதாயிற்று. ஒரு ஆளும் வீட்டுக்குப் போகவில்லை. ஆனி முப்பது வந்து போனது. வங்கி வாசலில் வேறொருவர் சீருடையோடு நின்றார். அல்பேட் எதிர்ப்பக்க நடைபாதையால் போய் ஒருதரம் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த நாள் காலை ஆறரைக்குக் குளியலறை வரிசையில் அவர் ஏழாவது ஆள். அவருடைய துவாய் றமேசின் தோளில் கிடந்தது. அவருடைய கோப்பி முடிந்திருந்தது. கொட்வின் உள்ளே போய் இருபது நிமிடமாகத் தேவாரமோ திருப்பாடலோ என்று தெரியாத ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தான். அல்பேட் வரிசையை விலத்திக்கொண்டு போய்க் கதவில் ஓங்கி அடித்தார்.

"டேய், வெளியிலை வாடா. இல்லாட்டி இண்டைக்கு உன்னை..." என்று தொடங்கியவர், ஓங்கிய கையை இறக்காமல் நின்றார்.

மாக்கிரட் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வாழ்நாளில் முதன்முறையாக அவர் கைமுஷ்டியைக் கண்டவள், சட்டியை இறக்கி வைத்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "குவெஸ்தூராக்காரர் லைசென்ஸ் தரப் பிந்தினது நல்லதுக்குத்தான்."