இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்கு ஒரு கேமரா

ஏணியின் மேல்படியில் நின்று கரியப்பன் கடைசி ஸ்குரூவை முறுக்கிக்கொண்டிருந்தான். மத்தியான ஷிப்டுக்காரன், இதற்காகவே காலையில் வந்திருந்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவன் மனைவி முனிலட்சுமி. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. புருஷன் ஏறியிருக்கிற ஏணியை வேறொருத்தி வந்து பிடிப்பாளா என்று தானாகவே எழுந்து வந்துவிட்டாள். பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்த மற்ற ஐந்து பெண்களும் வேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"மாமா, இது எங்களயெல்லாம் பாக்குமா?"

"பாக்குமாவா? ஒரு எறும்பு ஊர்ந்தாகூட ஆபீஸ் டிவில தெரியும்."

"ரெக்கார்டும் ஆவுமாண்ணா?" என்றாள் மங்கம்மா.

"ஆவாம? மத்தியானம் நான் ஷிப்டுக்கு வந்ததும் மொத வேலயே அதப் போட்டுப் பாக்கறதுதான். வாயடிச்சிகினு ஒக்காந்தீங்க, மாட்டிக்குவீங்க."

பெண்கள் சிரித்தார்கள். முனிலட்சுமியும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துப் பொய் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பான் மனுஷன். ஆமாம், சொன்னதெல்லாம் பொய். அவன் அவ்வளவு பதவிசாக முறுக்கி மாட்டியது வெறும் தகர டப்பா.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். ஓசூர் சிப்காட்டில், மின்சார சுவிட்சுகளுக்குள் வைக்கிற வெள்ளிப் பொட்டுகள் செய்கிற சின்ன கம்பெனி. ஒவ்வொரு பொட்டும் மிளகுக்குப் பாதி இருக்கும். ஒரு கைப்பிடி அள்ளினால் ஒரு மாதச் சம்பளம் தேறும். முதலாளி தினமும் பெங்களூரிலிருந்து காரில் வந்து போகிறவர். அங்கே யாரோ நண்பர் கடையில் கேமரா வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் ஆறு வேண்டும் என்றார். கேமரா விற்கிறவன் எழுதிக் கொடுத்த விலையைப் பார்த்ததும் அந்த ஆசை பாதியாக வற்றிப்போயிற்று. அப்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் கரியப்பன். இருக்கவில்லை. மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் அல்லவா, மூளை வேலை செய்துவிட்டது.

"ரெண்டு மட்டும் நெஜம் வாங்கலாம் சார். மீதி நாலையும் நானே செஞ்சி மாட்டிர்றேன். செவப்பு லைட்டு எரிஞ்சா போதும், எவன் தொறந்து பாக்கப் போறான்?"

முதலாளி அவன் தோளைத் தட்டினார். அதுவரைக்கும் அவர் யார் தோளையும் தட்டினதாக அந்த கம்பெனியில் சரித்திரம் இல்லை.

எங்கெங்கே மாட்டுவது என்பதும் அவன் பொறுப்பாயிற்று. கையில் சாக்பீசை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினான். எந்தத் தூண் மறைக்கும், எந்த ஜன்னல் வெளிச்சம் படத்தைக் கெடுக்கும், லாரி எங்கே வந்து நிற்கும் என்று பார்த்துப் பார்த்துச் சுவரில் பெருக்கல் குறி போட்டான். நிஜ கேமரா ஒன்று மெயின் கேட்டுக்கு, இன்னொன்று வெள்ளி இருக்கிற ஸ்டோர் கதவுக்கு. மற்ற நான்கு இடத்துக்கும் டப்பா. இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்கு நிஜம் வேண்டாமா என்று முதலாளி ஒரு தடவை கேட்டார்தான். "அங்க இருக்கறதெல்லாம் நம்ம பொம்பளைங்க சார், எங்கூட்டுக்காரியும் அங்கதான் இருக்கா. அங்க எதுக்கு?" என்றான் கரியப்பன். அவ்வளவு நம்பிக்கை. தகரத்தை மடித்து, பழைய டார்ச்சின் கண்ணாடியைப் பதித்து, உள்ளே குண்டுமணி அளவு சிவப்பு பல்பு வைத்து, கறுப்பு ஒயரைக் கூரைக்குள் ஏற்றி, நுனியில் டேப்பைச் சுற்றி அப்படியே விட்டுவிட்டான். நிஜத்தைவிட அவன் செய்தது பார்க்க நன்றாக இருந்தது.

"நோடு, பாரு கரியப்பா, இது உனக்கும் எனக்கும் மட்டும்தான். வீட்டுல பொண்டாட்டிக்குக்கூட தெரியக்கூடாது. விஷயம் வெளிய போச்சுன்னா நீயும் வெளிய போயிடுவே" என்றார் முதலாளி.

வீட்டில் சொல்ல அவனுக்கு என்ன இருந்தது? உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் அந்த இரண்டு அறை வீட்டில் பேச்சு என்பதே நின்றுபோயிருந்தது. ஐந்து மாதத்துப் பெண் குழந்தை. ஒரே ஒரு ராத்திரிக் காய்ச்சல். விடிந்து பஸ் பிடித்து ஓசூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ராத்திரியே கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார். அந்தக் கேள்விக்கு இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒருவரோடொருவர் பேசவில்லை. சண்டை கிடையாது, கோபம் கிடையாது. வாயைத் திறந்தால் குழந்தை வந்துவிடும் என்ற பயம், அவ்வளவுதான். அவள் காலை ஆறு மணி ஷிப்டு. அவன் கேட்டு வாங்கி மத்தியான ஷிப்டுக்குப் போய்விட்டான். அவன் வீடு வரும்போது தட்டில் சோறு மூடியிருக்கும், அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஆள்கூட்டத்துக்கு நடுவே ஏணி மேல் நின்றால் வருகிற பேச்சு, நாலு சுவருக்குள் அவனுக்கு வரவில்லை. ஆண்பிள்ளைகளில் சிலபேர் அப்படித்தான், என்ன செய்வது.

கேமரா மாட்டி ஒரு மாதம் கழித்து அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. சுவரைப் பார்த்துப் படுப்பவள் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒருநாள் தட்டில் அவனுக்குப் பிடித்த மொச்சைக்கொட்டைக் குழம்பு இருந்தது. ஷிப்டு மாறுகிற நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் எதிரெதிரே வரும்போது, எதையோ தெரிந்துகொண்டவள் மாதிரி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். காலம் ஆற்றுகிறது என்று நினைத்துக்கொண்டான். சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆவணி கடைசியில் வெள்ளி குறைந்தது. முதல் தடவை எடை போட்டவன் தப்பு என்றார்கள். இரண்டாவது தடவையும் குறைந்தது. மூன்றாவது தடவை, இன்ஸ்பெக்‌ஷன் ரூமிலிருந்து வந்த பொட்டுகளின் எடையில்தான் குறைகிறது என்பது உறுதியாயிற்று. யார் எடுத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. சூப்பர்வைசர் பாஸ்கரன் மட்டும் ஒன்று சொன்னான். "பத்து மணி டீக்கு எல்லாப் பொம்பளைங்களும் வெளிய வந்துர்றாங்க சார். முனிலட்சுமி மட்டும் வர்றதில்ல. தெனமும் கால்மணி நேரம் உள்ள தனியா இருக்குது. எதுக்குன்னு தெரியல."

மத்தியானம் இரண்டு மணிக்கு, ஷிப்டு மாறுகிற நேரத்தில், கரியப்பனை முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். டிவியை அணைத்து வைத்திருந்தார் முதலாளி. "நீ பக்கத்துல நில்லு. எதுவும் பேசாதே. ரெக்கார்டுல பாத்துட்டேன்னு நான் சொல்லுவேன். பயந்து தானா ஒத்துக்கிட்டா போலீஸ் கீலீஸ் வேண்டாம்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று அவன் கேட்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு முனிலட்சுமி வந்துவிட்டாள்.

கரியப்பன் அணைந்திருந்த டிவியைத் திரும்பிப் பார்த்தான்.

"டீ டைம்ல தனியா உள்ள இருந்து என்னம்மா பண்றே? கேமராவுல எல்லாம் பதிவாயிருக்கு. நீ எடுக்கறதைப் பாத்துட்டோம்" என்றார் முதலாளி.

அவள் பயப்படவேயில்லை. சின்னதாக ஒரு நிம்மதிகூட முகத்தில் வந்தது. கேமராவில் இருக்கிறது என்றால் பிழைத்தோம் என்கிற நிம்மதி. "நல்லா போட்டுப் பாருங்க சார். நான் எதயும் எடுக்கல. அந்தக் கேமராவுக்கு நேரா நின்னுகினு இருப்பேன். அவ்ளோதான். வேற எதுனா அதுல இருந்தா என்ன செருப்பால அடிங்க."

"கேமரா முன்னாடி நின்னு என்ன செய்வே?"

அவள் கரியப்பன் பக்கம் திரும்பினாள். "எங்கூட்டுக்காரருக்குத் தெரியும். தெனமும் பாக்கறவரு. நீயே சொல்லு மாமா."

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சார், அந்த டப்பாவுக்குள்ள ஒண்ணுமில்ல. அவ்வளவுதான். அது அவன் தொண்டைவரை வந்தது. கூடவே, இந்த வேலை போனால் என்ன ஆகும் என்பதும் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வாங்கின கடன் இன்னும் முடியவில்லை. முதலாளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரியப்பன், அந்தப் பாவி, தரையைப் பார்த்தான்.

"பாத்தியாம்மா? உன் வீட்டுக்காரராலயே சொல்ல முடியல" என்றார் முதலாளி. "அவர் மூஞ்சிக்காக விடறேன். நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

காகிதத்தை நீட்டினார்கள். எழுதியிருப்பதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். சோற்று வாளியை எடுத்துக்கொண்டு, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம்தான் கரியப்பனுக்கு வாய் வந்தது. "சார், அது டப்பா சார். அதுல என்ன தெரியும்?" என்றான், அழாத குறையாக. "தெரியும்ப்பா. அதான் நீ வாயத் தொறக்காம நின்னே. நல்ல ஆளு" என்று சொல்லிவிட்டு முதலாளி ஃபோனை எடுத்தார்.

கார்டு பஞ்ச் பண்ணிவிட்டு உள்ளே வந்தவன் அதைத் திருப்பிப் பஞ்ச் பண்ணாமலே கேட்டைத் தாண்டி ஓடினான். ராயக்கோட்டை ரோட்டு பஸ் ஸ்டாப்பில் முனிலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். முதல் ஷிப்டு முடிந்த ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். அவளை விட்டுக் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். சேதி அதற்குள் பரவிவிட்டது போலிருக்கிறது. அவன் வந்து நின்றதும் அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஏன் மாமா சொல்லல? என்னயத் திருடின்னு நீயும் நெனச்சிட்டியா?"

"இல்ல லச்சுமி. சத்தியமா இல்ல."

"பின்ன? நான் அங்க நின்னு பேசனதப் பாத்தியா, பாக்கலியா? அத மட்டும் சொல்லு."

பேசினாளா? யாரிடம்? கரியப்பனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. பார்த்தேன் என்று சொன்னால், பார்த்துக்கொண்டேதான் காட்டிக்கொடுத்தான் என்று ஆகும். பார்க்கவில்லை என்று சொன்னால் அது இன்னும் பெரிய பாவம் என்று அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு பொய்க்கு அவனிடம் தெம்பு இல்லை.

"அது கேமரா இல்ல லச்சுமி. டப்பா. நான்தான் செஞ்சேன். உள்ள ஒண்ணுமில்ல. எதுவும் பதிவாவாது."

அவள் கத்தவில்லை. சின்னக் குழந்தை கணக்குப் போடுவது போல உதட்டை அசைத்து என்னவோ யோசித்தாள்.

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

"அப்ப நான் சொன்னது?"

"என்ன சொன்ன?"

பக்கத்தில் ஆட்கள் நிற்பதை அவள் பொருட்படுத்தவில்லை. குரலை மட்டும் இறக்கிக்கொண்டாள். "சத்தம் வராதுன்னு மங்கம்மா சொன்னா. வாயசைக்கறதப் பாத்தா புரியாதான்னு நெனச்சேன். வூட்ல ஒன் மூஞ்சப் பாத்து சொல்ல முடியல மாமா. அன்னிக்கு ராத்திரி பாப்பாக்கு ஒடம்பு அனலாக் கொதிச்சிது. பால் குடிக்கல. ரெண்டு மணிக்கே தெரியும் எனக்கு. நீ டபுள் ஷிப்டு பாத்துட்டு வந்து கட்ட மாதிரி படுத்திருந்த. எழுப்பலாம்னு ஒன் தோள்மேல கை வெச்சேன். பாவமா இருந்திச்சி. விடியட்டும்னு விட்டுட்டேன். இதத்தான் தெனமும் சொன்னேன். மொத நாள் சொல்லிட்டு, நீ வந்து என்ன கேப்பியோன்னு ராத்திரியெல்லாம் முழிச்சிகினு இருந்தேன். நீ ஒண்ணும் கேக்கல. மறுநாளும் கேக்கல. சரி, பாத்துட்டாரு, மன்னிச்சிட்டாருன்னு நெனச்சேன்."

இரண்டு மணிக்கே. கரியப்பனின் காதில் அது மட்டும்தான் தங்கியது. பரவாயில்லை புள்ள என்று சொல்ல வேண்டும். நான் தூங்கினதுதான் தப்பு என்று சொல்ல வேண்டும். அவள் கையைப் பிடிக்க வேண்டும். எல்லாம் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. முதலாளி அறையில் திறக்காத வாய் இப்போது அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"ஏன் எழுப்பல?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டான். சொன்னதைத் திரும்ப அள்ளி விழுங்கிவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அவள் அவனை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள். இத்தனை மாதமாக அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல மெல்லத் தலையை ஆட்டினாள்.

பஸ் வந்தது. அவள் முன்பக்கம் ஏறினாள். அவன் பின்பக்கம் தொற்றிக்கொண்டான். உள்ளே மூச்சுவிட இடமில்லை. யாரோ இறங்கின இடத்தில் அவளுக்கு ஜன்னலோரமாக சீட்டுக் கிடைத்தது. கம்பியைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு பெண், "யக்கா, செத்த இதப் புடிச்சிக்கோ" என்று, கேட்டும் கேட்காமலும், இடுப்பில் இருந்த கைக்குழந்தையை முனிலட்சுமியின் மடியில் இறக்கிவிட்டாள். பஸ்ஸில் எல்லாரும் செய்வதுதான். ஐந்தாறு மாதம் இருக்கும் அந்தக் குழந்தைக்கு. முனிலட்சுமி ஒரு நிமிஷம் கையைத் தூக்கியபடியே இருந்தாள். பிறகு சோற்று வாளியைக் காலடியில் வைத்துவிட்டு, குழந்தையை நிமிர்த்தித் தோளில் சாய்த்து, இரண்டு கையாலும் முதுகை அணைத்துக்கொண்டாள்.

படிக்கட்டில் நின்றிருந்த கரியப்பனுக்கு அவள் முகம் தெரியவில்லை. தோள் குலுங்குவதுதான் தெரிந்தது. அந்தத் தோளின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு, யார் பெற்ற பிள்ளையோ, கண் கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.