பழைய ஹெட்டா, புது ஹெட்டா?

'க்ரீச்!'

உலோகம் குடையும் கிரைண்டர் அலறிய அலறலில் மெக்கானிக் சட்டென்று சுவிட்சை அணைத்தார். இருபது நாளாக ஒழுங்காக உறுமிக்கொண்டிருந்த கருவி, ஒரு நொடி வெறும் காற்றைக் கடித்துவிட்டது. இன்ஜின் ஹெட்டைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். காற்று போகும் நான்கு வழிகளில் மூன்றாவதன் உள்சுவரில் பருப்பளவு ஓட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் அறை.

"போச்சுடா!"

இன்ஜினின் தலைமேல் உட்காரும் இந்த அலுமினியக் கட்டிக்காகத்தான் வீட்டில் இருபது நாளாக யுத்தம். ஞாயிற்றுக்கிழமை கார் பந்தயம். ஓட்டப்போவது அவர் மனைவி. காரோடு வந்த ஹெட்டையே உள்ளே குடைந்து வழவழப்பாக்கினால் இன்ஜின் தாராளமாக மூச்சு விடும் என்பது மெக்கானிக்கின் கட்சி. "இந்தக் காலத்துல போய்க் குடையறாராம் குடைய!" என்று சொல்லி, புத்தம்புது ஹெட் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கிவிட்டான் மனைவியின் தம்பி. இருப்பதோ ஒரே இன்ஜின். எது அதில் ஏறும் என்பதை இன்று மாலை மனைவி முடிவு செய்வதாக ஏற்பாடு.

வெல்டிங்காரரிடம் ஓடலாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் பட்டறைக் கதவு திறந்தது. முன்னால் மனைவி. பின்னால், கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் புது ஹெட்டைத் தூக்கிக்கொண்டு மச்சினன்.

"என்னங்க, முகமே சரியில்ல?"

"தூசிம்மா."

சோதனைக் கருவி மெக்கானிக்கே செய்தது. பழைய வாக்குவம் கிளீனர், ஒரு மரப்பெட்டி, அளவுக் கோடுகள் போட்டு, சிவப்புத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குழாய். ஹெட்டைப் பெட்டிமேல் வைத்துக் காற்றை உறிஞ்சினால் குழாயில் தண்ணீர் ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு காற்று போகிறது என்று கணக்கு.

முதலில் புதுசு. அதன் முதல் வழியில் தண்ணீர் பதினெட்டில் நின்றது.

"மெஷின்ல செஞ்சது அக்கா. நாலும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். ஒண்ணைப் பார்த்தா போதும்" என்றான் மச்சினன்.

அடுத்து மெக்கானிக்குடையது. முதல் வழி பதினேழு. இரண்டாவது பதினேழரை. மச்சினன் விசிலடிக்க ஆரம்பித்தான். மூன்றாவதற்கு வந்ததும் மெக்கானிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அடேயப்பா, இருபத்தாறு!"

மனைவியின் குரல் கேட்டுக் கண்ணைத் திறந்தார். தண்ணீர் குழாயின் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓட்டை வழியாகவும் காற்று புகுந்து கணக்கில் சேர்ந்துவிட்டது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"மாமா, நீங்க மனுசனே இல்ல!" மச்சினன் விசிலை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "என்ன வித்தை பண்ணீங்க?"

"அது... கையில இருக்கு மாப்ள." வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அப்ப இதையே மாட்டிடுங்க" என்றாள் மனைவி. "மத்த மூணையும் இதே மாதிரி குடைஞ்சிடுங்க."

மெக்கானிக்குக்கு மனக்கண்ணில் ஞாயிற்றுக்கிழமை ஓடியது. முதல் வளைவிலேயே புகை கக்கிக்கொண்டு நிற்கும் கார். சர் சர்ரென்று கடந்துபோகும் மற்றவர்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவரைத் தேடும் அவள் கண்கள்.

"மூணாவதுல ஓட்டை விழுந்துடுச்சும்மா" என்றார். "மாட்டினா தண்ணி இன்ஜினுக்குள்ள போயிடும்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கையில இருக்குன்னீங்க?"

"அந்தக் கைதான் போட்டுச்சு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க. தம்பி, உன்னோடதைக் குடுடா, மாட்டிடலாம்."

சும்மா நின்றவன் மடியில் வெற்றி வந்து விழுந்திருக்கிறது. துள்ளிக் குதிக்க வேண்டாமா? மச்சினன் புது ஹெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினான்.

"என்னடா?"

"இதையும் மாட்ட வேணாம்க்கா... மாமா ஜெயிச்சிடுவாரோன்னு பயந்து, நேத்து நானும் ரெண்டாவதைக் கொஞ்சம் குடைஞ்சேன். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது."