ரெண்டு மைக்கோ, நாலு மைக்கோ

துணுக்காய்ப் பிரதேச இசை அன்பர்கள் அனைவருக்கும் பெருமகிழ்வுடன் அறியத்தருவது: ஒலிப்பதிவுக் கருவி வாங்கும் முயற்சியில் ஜெயந்தன் இறுதிக் கட்டத்தை அடைந்துவிட்டான். கைக்குள் அடங்கும் கருவிகள் இரண்டுதான் மிச்சம். ஒன்றில் ரெண்டு மைக், மற்றதில் நாலு.

விறாந்தையிலிருந்து அவன் இதை உரத்து அறிவித்தபோது, உள்ளே அக்கா பிரஷாந்தினி தகப்பனின் முதுகுக்குத் தலையணை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்த்தி வைக்காமல் படுக்கவிட்டால் சிற்றம்பலத்துக்கு மூச்சு முட்டும். சுவாசப்பைக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பிள்ளையார் கோயில் திருவிழா முடிவில் பாடும் ஊஞ்சல் பாட்டு அவர் கட்டியது. சொல் கோயில் மலரில் அச்சாகியிருக்கிறது. மெட்டு அவருடைய தொண்டையில் மட்டும்தான். கூடப் பாடுகிறவர்கள் கடைசிச் சொல்லை இழுப்பதோடு சரி.

"அப்பா, ஒரு அடி பாடுங்கோ. போனில எடுக்கிறன்."

"தம்பி சொன்னவனெல்லே, போனில எடுத்தா தகரப் பீப்பாக்குள்ள நிண்டு பாடினமாதிரி இருக்குமெண்டு." அவர் மூச்சு வாங்கினார். "மெசின் வரட்டும், பிள்ளை. மூச்சை மிச்சம் பிடிச்சு வைச்சிருக்கிறன்."

அவள் விறாந்தைக்கு ஓடினாள். "ஏதாவதொண்டை வாங்கித் துலையன்ரா!"

"அவசரப்பட்டா இரைச்சல் விழும் அக்கா. அப்பா சரணத்தில உச்சத்துக்குப் போவார். அதில சத்தம் உடையக்கூடாது."

"அவர் தேத்தண்ணி கேக்கிறதே கேக்குதில்லை. எந்த உச்சத்தைச் சொல்லுறாய்?"

"உங்களுக்கு சவுண்டைப் பற்றித் தெரியாது."

சவுண்டைப் பற்றித் தெரிந்தவன் இசைக்குழுவில் கீபோட் வாசிக்கிறவன். அவன் வாசித்த கலியாண வீடுகளில் மாப்பிள்ளை பொம்பிளை சைகையால்தான் கதைத்தார்கள்.

அவள் திரும்ப உள்ளே போனாள். திரும்ப வெளியே வந்தாள். குசினிக்குப் போய்க் கஞ்சியை இறக்கினாள். கஞ்சியோடு வந்தபோது சிற்றம்பலத்தின் தலை தலையணையிலிருந்து சரிந்திருந்தது. மிச்சம் பிடித்த மூச்சு எப்போது போனதென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்தநாள் செத்தவீட்டில் கலைமன்றத் தலைவர் பேசினார். "அன்னாரின் குரல் காலத்தால் அழியாது!"

"எங்க இருக்காமெண்டு கேளுங்கோ" என்றாள் பிரஷாந்தினி, பக்கத்திலிருந்த மாமிக்கு மட்டும்.

ஜெயந்தன் விடியத் தொடங்கி ஒரு கதிரையிலும் இருக்கவில்லை. பந்தலுக்கும் சவப்பெட்டியடிக்குமாக நடந்துகொண்டிருந்தவனைக் குழுவின் தபேலாக்காரன் குகதாசன் மறித்தான்.

"அண்ணை, இந்த நேரத்தில கேக்கிறனெண்டு குறை நினையாதேங்கோ. எங்கட வயலின் மாஸ்டர் வருத்தத்தில கிடையாக் கிடக்கிறார். அவற்ற வாசிப்பை எடுத்து வைக்கோணும். நீங்கள்தானே எல்லாத்தையும் பாத்து வைச்சிருக்கிறியள். எந்த மெசின் வாங்கிறது?"

ஜெயந்தன் பெட்டியைப் பார்த்தான். வாய் திறவாமலிருக்கத் தகப்பனின் நாடியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள்.

"போனில எடு" என்றான். "இப்பவே போ."

வெற்றிலைத் தட்டத்தோடு நின்ற பிரஷாந்தினி தம்பியின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த வரிசைக்குப் போனாள்.

குகதாசன் பந்தலில் வந்து குந்தினான். "நல்ல சாமானை எங்களுக்குச் சொல்ல மனமில்லை" என்று பக்கத்துக் கதிரைக்காரரிடம் சொன்னான். பிறகு போனை எடுத்து, எந்தக் கருவி நல்லதென்று தேடத் தொடங்கினான்.